வீரகத்தியின் குளிர்மிசின்

பரந்தன் சந்தியில் வாடகைக் கார் ஓடிய வீரகத்திக்கு முப்பத்தெட்டு வயதாகியும் பெண் அமையவில்லை. அதற்கு அவனுடைய வாயைத் தவிர வேறு காரணம் இல்லை. இதை ஊர் சொல்லவில்லை, அவனே சொல்வான். நுவரெலியாத் துரை ஒருவரிடம் வாங்கிய பழைய காரில் காற்று ஊதும் பெட்டி ஒன்று இருந்தது. குளிர்மிசின் என்று சந்தி முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்த்தான். மலைக்குளிருக்குப் பூட்டிய வெக்கைப் பெட்டி அது! ஐயோ, சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? போடச் சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம், "பெற்றோல் குடிக்கும்" என்று சமாளித்தான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு சித்திரை வெயிலில் ஸ்கந்தபுரத்துச் சிற்றம்பலம் மகள் நாகேஸ்வரியுடன் ஏறினார். வவுனியாவில் புடைவை எடுக்கவாம். சாதகம் பொருந்திவிட்டது, தன்னை மாப்பிள்ளை பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது வீரகத்திக்குத் தெரியும். நரைத்த மீசைக்கு மை பூசியிருந்தான்.

மாங்குளத்துக்குக் கிட்ட ரயில் கேற் பூட்டியிருந்தது.

"தம்பி, அந்தக் குளிர்மிசினை ஒருக்காப் போடுமன்," என்றார் சிற்றம்பலம்.

மறுத்தாலும் பொய்யன், போட்டாலும் பொய்யன். போட்டான். அனல் காலைச் சுட்டது. அது போதாதென்று எஞ்சின் வேகம் இறங்கி, இருமி, நின்றே போனது. பெற்றோல் மிச்சம் பிடிக்கவென்று, நிற்கும்போது மூச்சு விடுவதே தெரியாத அளவுக்கு எஞ்சினைத் தணித்து வைத்தவன் அவன்தானே! கிழட்டுப் பற்றரியைக் காற்றாடி உறிஞ்ச, எஞ்சினுக்கு என்ன மிஞ்சும்? கையால் சுற்றி எஞ்சினை எடுக்கும் ஹாண்டிலாவது இருந்திருந்தால் மானம் தப்பியிருக்கும். அது வீட்டில் ஆடு கட்டும் முளையாக நிற்பதை அவன் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

கேற் திறந்தது. பின்னால் லொறிக்காரன் ஏசினான். மாமனாராக வரவேண்டியவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் தள்ளினார். இரண்டு தரம் தள்ளியும் எஞ்சின் பிடிக்கவில்லை.

"அப்பு, காத்தாடி இன்னும் சுத்துது. அதை நிப்பாட்டாமத் தள்ளி என்ன செய்ய?" நாகேஸ்வரி கை நீட்டி அதை நிறுத்தினாள். பிறகு முதன்முறையாக அவனைப் பார்த்தாள். "எங்கட தோட்டத்துத் தண்ணிமிசினும் சுமை ஏறினா இப்பிடித்தான் சாகும். நிக்கேக்கை எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ. இது குளிர்மிசினும் இல்லை, என்ன?"

"இல்லை. வெக்கைமிசின். தெரிஞ்ச பிறகும் நான் மாத்திச் சொல்லேல்லை."

மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்தது. வவுனியா வரை அதை நிறுத்தாமல் ஓட்டினான். புடைவைக் கடை வாசலில் இறங்கிய சிற்றம்பலம், "வேறை என்ன பொய் வைச்சிருக்கிறீர், தம்பி?" என்று கேட்டார்.

"மீசை, ஐயா."

சொல்லியிருக்கவே தேவையில்லை. வியர்வையில் மை நாடி வரை வழிந்திருந்தது.

சரி, எல்லாம் முடிந்தது. வீரகத்தி பொனற்றைத் திறந்து, அவள் சொன்னபடி எஞ்சின் வேகத்தைக் கூட்டி வைத்தான். சும்மா காத்திருக்க மனம் விடவில்லை.

நாகேஸ்வரி பொதியோடு வந்து ஒரு கைலேஞ்சியை நீட்டினாள்.

"முகத்தைத் துடையுங்கோ. கேட்ட உடனை உண்மையைச் சொல்லிப்போட்டியளாம், ஆவணியிலை நாள் பாக்கலாமெண்டு அப்பு சொல்லுறார்."

வாயாடி வீரகத்தி லேஞ்சியை வாங்கி மீசையை அழுத்தித் துடைத்தான்.

"அதுக்கிடையிலை அந்த ஹாண்டிலை ஆட்டிட்டையிருந்து வாங்கி வையுங்கோ," என்றாள் அவள்.