ஈரான்காரரோடு ஒரு படம்

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு எங்கள் தீவு நாடு தேயிலையாகக் கடன் கழிக்கிறது. உலகம் அந்த அரசாங்கத்தைத் தள்ளி வைத்திருப்பதால், அந்தப் பணத்தைத் தொட வங்கிகளுக்குப் பயம். பல்லேகல கிடங்கில் அந்தத் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க உறிஞ்சுவேன், துப்புவேன். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

ஈரானிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கப் போகிறோம் என்றார்கள். நானோ கனடாவிலிருக்கும் மகளைப் பார்க்க விசாவுக்குப் போட்டிருந்தேன். மனைவி இறந்த பிறகு வத்தேகம வீட்டில் என்னோடு பேசுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் கரண்ட் இருந்தால்.

"அந்தாளு பக்கத்துல நான் நிக்கிற படத்த கனடாக்காரன் பாத்தா?" என்று மகளிடம் போனில் கேட்டேன்.

"அப்பா, ஒங்க படத்த நானே பாக்கிறதில்ல."

அவர் வந்த அன்று ஒரு தந்திரம் செய்தேன். வாயில் தேநீர் வைத்திருப்பவனைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வரிசை கட்டும் நேரம் பார்த்து, வாய் நிறைய உறிஞ்சிக்கொண்டு துப்பும் தொட்டியருகே நின்றேன்.

"அண்ணே, வாங்க!" என்றார் ஸ்டோர்காரர். புடைத்த கன்னத்தைக் காட்டினேன்.

"சரி, அண்ணன் ஜோலியா இருக்காரு. எடுங்க, எடுங்க."

படம் முடிந்தது. துப்பக் குனிந்தால், பக்கத்தில் ஈரான்காரர். நான் ருசியில் மெய்மறந்து நிற்பதாக நினைத்தாரோ என்னவோ, தானும் ஒரு வாய் எடுத்துக் கன்னம் புடைக்க என்னையே பார்த்தார். விருந்தாளி முன்னால் எப்படித் துப்புவது? விழுங்கினேன். அவரும் விழுங்கினார்.

பிள்ளைகள் உண்டா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். என் ஆங்கிலமும் அதே தரம்தான். ஒரு மகள், கனடாவில் என்று உளறிவிட்டேன்.

"என் மகளும் அங்கேதான். எனக்கு விசா தரமாட்டார்கள்" என்றார். தட்டிலிருந்த தேயிலையை ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "நீங்கள் போனால், அவளுக்கு இதில் ஒரு பொட்டலம் கொடுப்பீர்களா?"

என் மூளைக்குள் விமான நிலையம், விசாரணை அறை, மோப்ப நாய் எல்லாம் வரிசையாக வந்தன. "எனக்கே இன்னும் விசா கிடைக்கவில்லையே" என்றேன்.

"கிடைக்கும்" என்று முதுகில் தட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

சாயந்தரம் மகளிடம் இதைப் பெரிய பகிடியாகச் சொன்னேன். நாய் மாதிரிக் குரைத்தும் காட்டினேன்.

"அந்தப் பொண்ணு பேரு என்னப்பா? எந்த ஊரு? நானே போய்ப் பாத்திருப்பேனே."

"கேக்கலம்மா" என்றேன். அவள் சிரிப்பாள் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.