பாதாம் வாங்கப் போன இடத்தில்

மதுரைத் தோழர்களே,

இன்று மத்தியானம் இங்கே கோம்பையில் ஒரு மளிகைக் கடையில் பாதாம் பருப்பு கேட்டேன்.

"வீட்டுல யாருக்கு வாத்தியாரய்யா மேலுக்கு முடியல?" என்றார் கடைக்காரர்.

"யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான்தான் எடை தூக்கிப் பழகுறேன். பாதாம், பால், தினம் ஆறு முட்டைன்னு புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். இந்த ஊருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமாகியும் சாயங்காலத்தில் பேச ஆளில்லாததால்தான் தூக்கவே தொடங்கினேன் என்பதைச் சொல்லவில்லை.

அங்கே நெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டார்.

"எனக்குக் கேப்பக்களியும் மொச்சையுந்தேன். நெதமும் கெடைக்கிறதத் தின்னாத்தான நெதமும் தூக்க முடியும்?"

எனக்கு அது சரியாகப் பட்டது. பாதாமை விட்டுவிட்டு, காய்ந்த மொச்சை ஒரு படி வாங்கினேன்.

அவர் தூக்குச்சட்டியைத் திறந்தார். "இங்கன உக்காருங்க. ஒரு வாய் தின்னுட்டுப் போவீக."

நல்ல பசி. ஆனாலும் கூச்சத்தில், "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அறைக்கு வந்த பிறகுதான் மொச்சை ராத்திரி முழுக்க ஊற வேண்டுமென்பது நினைவுக்கு வந்தது.

நாளைக்கு அதே நேரத்தில் போய் நின்றால் மறுபடியும் கூப்பிடுவாரா? உங்கள் பதில் வர நான்கு நாளாகும். இருந்தாலும் ஒரு கார்டு போடுங்கள்.