கத்தரிப்பூ நிறக் கேடயம்

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே பத்திரகாளிக்கும் அவள் தம்பி லிங்கராஜுக்கும் சண்டை வந்துவிட்டது. வீட்டுச் சுவரின் நிறத்துக்காக இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவில், கொத்தனாரை நிற்கவைத்து அவள் சிமெண்டில் செய்திருந்த கேடயத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்காக.

பத்திரகாளி கோவில்பட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வயது ஐம்பதை நெருங்குகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விளாத்திகுளம் பக்கத்தில் பிறந்து, அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை கிடைத்ததால் சின்ன வயதிலேயே நகரத்துக்கு வந்துவிட்டாள். பள்ளியில் ஹாக்கி மட்டையைப் பிடித்தவள் கோல்கீப்பராக மாவட்ட அணி வரை போனாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. பிறகு வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊரார் வேனை ஓட்டி, சொந்த வேன் வாங்கி, எட்டயபுரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வீடும் கட்டினாள்.

அவள் அணி ஜெயித்த ஷீல்டுகளில் எல்லாம் யாராவது ஒருவருடைய சின்னம் இருக்கும். மில்லின் சின்னம், கம்பெனியின் சின்னம், பரிசு கொடுத்த குடும்பத்தின் சின்னம். ஆடியவளுடையது எதிலும் இருக்காது. பள்ளி விடும்வரை வேனில் காத்திருக்கும் ஒரு மதியம், போனில் ஒரு காணொளி பார்த்தாள். அந்தக் காலத்து வெளிநாட்டுக்காரர்கள் தனி ஆளுக்கென்றே கேடயத்தில் சின்னம் வரைந்து வைத்துக்கொண்டார்களாம். அதில் நிறத்துக்கு ஒரு விதியும் இருந்ததாம். மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளிக் கணக்கு. மீதி எல்லாம் நிறக் கணக்கு. நிறத்தின் மேல் நிறம் வைத்தால் தூரத்திலிருந்து தெரியாது. ஒன்று நிறமாக இருந்தால் மற்றது பொன்னாகவோ வெள்ளியாகவோ இருக்க வேண்டும். அந்த விதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கோல் கம்பத்தின் முன் நின்று தூரத்துப் பந்தைப் பார்த்தவளுக்கு அது சரியாகவே பட்டது.

குறுக்கே ஒரு ஹாக்கி மட்டை, மஞ்சளில். மேல் மூலையில் வெடித்த பருத்தி, வெள்ளையில். இது வரைக்கும் ஒரே நாளில் முடிவாகிவிட்டது. பின்புலத்து நிறம்தான் முடிவாகவில்லை.

"சிவப்பு அடிங்க அண்ணாச்சி," என்றாள் பெயின்டர் கொம்பையாவிடம். வீடுகளுக்கு வெள்ளையடிப்பதோடு சுவர் விளம்பரமும் கொடிக்கம்பத்துப் பீடமும் எழுதுகிறவர் அவர். எந்தக் கொடியில் எந்த நிறம் மேலே, எது கீழே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "தங்கச்சி, சிவப்புக்கு மேல மஞ்ச வருதுல்லா. அது எந்தச் சங்கத்துக் கொடின்னு தெரியாமலா கேக்குத?"

"மட்டைதான அண்ணாச்சி மஞ்ச. மட்டைக்கும் கொடிக்கும் என்ன இருக்கு?"

"தெருவுல போறவன் மட்டையையா பாப்பான்? கலரத்தான் பாப்பான்."

"அப்பம் பச்ச?"

"பச்சையும் மஞ்சளும் கீழத்தெருக்காரவிய."

"நீலம்?"

"நீலத்துக்கு ஆள் இல்லன்னா நெனைக்க?"

கறுப்புதான் அவளுக்கு உள்ளூர ஆசை. மழை பெய்த மறுநாள் கரிசல் காடு இருக்குமே, அந்தக் கறுப்பு. கொம்பையா சிரித்துவிட்டார். "கறுப்பு வச்சா சாமி இல்லன்னு சொல்லுத ஆளும்பாவ. பத்திரகாளின்னு பேர வச்சுக்கிட்டு அது வேறயா?"

அன்று வேலை நடக்கவில்லை. சாயங்காலம் லிங்கராஜ் வந்தான். பஜாரில் பெயின்ட், ஆணி விற்கும் கடை அவனுடையது. வெறும் சிமெண்டாக நிற்கும் கேடயத்தைப் பார்த்தான்.

"எக்கா, இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு யோசன? நம்ம ஆளுவ கலரு இருக்குல்லா. அதயே அடி. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"அது நான் பொறக்கதுக்கு முன்னாடியே இருந்த கலருலே. அதுல நான் எங்கன இருக்கேன்?"

"நீ என்ன தனி ஆளா?"

"தனி ஆளுதான். இத்தன வருசமா பாக்கத்தான செய்யுத?"

சொன்ன பிறகு இருவருக்கும் முகம் கெட்டுப்போயிற்று. அவள் போட்ட காப்பியைக் குடிக்காமல் லிங்கராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பால் காய்ச்சுகிற அன்று கேடயம் சிமெண்ட் நிறத்திலேயே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தங்கள் நிறத்தையே சொன்னது அவளுக்குப் புரிந்தது. கேசரி பரிமாறிக்கொண்டே போனாள்.

அதன் பிறகு தம்பி கடையிலிருந்து ஷேடு கார்டை வாங்கி வந்து ஒவ்வொரு கட்டமாகக் கொம்பையாவிடம் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கத்தரிப்பூ நிறத்துக்கு வந்ததும் தலை ஆடவில்லை. கண்ணை மூடி, மனசுக்குள் கொடிக்கம்பம் கொடிக்கம்பமாகப் போய் வந்தார்.

"இது யாருக்கும் இல்ல தங்கச்சி. தைரியமா அடிக்கலாம்."

மாசி மாதத்தில் அடித்து முடித்தார்கள். கத்தரிப்பூ நிறத்தின் மேல் மஞ்சள் மட்டை பளிச்சென்று எழுந்து நின்றது; தெருமுனையிலிருந்து பார்த்தாலும் பருத்தி பருத்தியாகத் தெரிந்தது. வேனை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். அவனும் ஒரு கட்டைவிரல் போட்டான்.

அந்தச் சந்தோஷம் சித்திரை வரைக்கும்தான். தேர்தல் நெருங்கிய நேரத்தில் புதிதாக ஒரு கட்சி கிளம்பியது. கொடி கத்தரிப்பூ நிறம், நடுவில் மஞ்சள் பட்டை. இடம் வாங்கி விற்கும் காளீஸ்வரன் என்பவன் நகரச் செயலாளர். ஒருநாள் காலை, அவள் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஏழெட்டுப் பேரோடு பொன்னாடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஊருக்குள்ள நம்ம கலர மொதல்ல வச்சது நீங்கதான்னு சொன்னாவ. அதான் கௌரவிச்சுட்டுப் போலாம்னு."

"இது ஒங்க கலரு இல்ல தம்பி. நான் மாசியிலயே அடிச்சிட்டேன்." போனை எடுத்துத் தேதியோடு போட்டோவைக் காட்டினாள். "நீங்க சித்திரையிலதான் கொடி ஏத்துனீங்க. மாத்தணும்னா நீங்கதான் மாத்தணும்."

காளீஸ்வரன் போட்டோவைக் கூர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அப்பம் நீங்கதான் அக்கா எங்களுக்கு மொத உறுப்பினர்!"

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். பொன்னாடை தோளில் விழுந்ததை ஒருவன் படம் எடுத்தான். அவள் அதை உதறுவதற்குள் படம் ஊரெல்லாம் போய்விட்டது.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா, "அரசியல் வேண்டாம்னு வீட்டுல அவிய சொல்லுதாவ," என்று பிள்ளையை வேறு வேனுக்கு மாற்றினாள். பத்திரகாளி மட்டையைக் காட்டி, பருத்தியைக் காட்டி, தொண்டை வற்றச் சொல்லிப்பார்த்தாள். அந்தப் பெண் பாவம்போல் கேட்டுக்கொண்டாள். பிள்ளை திரும்பி வரவில்லை.

தேர்தல் தேதி அறிவித்ததும், சுவர்களில் கட்சிச் சின்னங்களை மறைக்கும் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள்.

"ஏ தம்பி, இது என் சின்னம்."

"எந்தக் கட்சிம்மா நீங்க?"

"கட்சி இல்ல. நானே!"

"சுயேச்சையா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர்கள் வேலையை அவர்கள் பார்த்தார்கள். பசையைத் தடவி, பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டு இறங்கினார்கள். தேர்தல் முடியும்வரை தன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே நுழைந்தாள்.

வாக்கு எண்ணி முடிந்ததும் அவளே ஏணி போட்டு ஏறிக் காகிதத்தை உரித்தாள். பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்தது. மட்டை பாதி இல்லை. பருத்தி சொறி பிடித்தாற்போல் இருந்தது. இந்தத் தடவை லிங்கராஜே கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"எக்கா, வேற கலர் பாப்பமா?"

"எதுக்குலே? அதே கலரு. அவனுவ வேணும்னா மாத்தட்டும்."

கொம்பையா யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "அடியில ஒம் பேர எழுதிருவோம் தங்கச்சி. பேரு இருந்தா ஒன்னோடதுன்னு தெரிஞ்சிரும்லா."

அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. கேடயத்துக்குக் கீழே வெள்ளையில், பெரிதாக, பத்திரகாளி என்று எழுதினார். அதன் பிறகு கட்சி என்று யாரும் கேட்கவில்லை. காளீஸ்வரனும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆனால் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குப் போகிற பெண்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அண்ணாந்து பெயரைப் படித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டில் செவ்வரளி செருகினாள். பத்திரகாளி கொம்பையாவைத் திரும்ப வரவழைத்துப் பெயருக்கு முன்னால் 'ச.' என்று இனிஷியல் போடச் சொன்னாள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு பெண் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

"யம்மா, இது கோயில் இல்ல. என் வீடு. அது என் பேரு."

அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவளையும் கேடயத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் தாயி," என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "கும்பிட்டாச்சுல்லா."