கலர் கார்டுக்கு வைத்த சந்தனம்

போன வாரம் எங்கள் மதுரை ஆனையூர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் கையில் டார்ச்சோடு இறங்கி வந்தாள். கம்ப்யூட்டரில் புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்டாளாம். திரை இருட்டாகவே இருக்கிறதாம். "அங்கிள், நீங்க அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் வாத்தியாராமே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். மரியாதை கொடுத்துக் கூப்பிட்டால் நான் எங்கேயும் போவேன். மேலே போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி என்னென்னவோ மின்னிக்கொண்டிருந்தது. "சந்தனம் கிந்தனம் வச்சியாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, திரையின் ஒயர் பழைய இடத்திலேயே சொருகியிருப்பதைத் தானே கண்டுபிடித்து, புதுக் கார்டுக்கு மாற்றினாள். படம் வந்துவிட்டது. எனக்கு ஒரு தேங்க்ஸ் கிடைத்தது. எதற்கென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் சந்தனத்தைப் பற்றி நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. புதுக் கார்டின் உறையைப் பிரித்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அது இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. அந்த அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது. ஏறிய கையோடு என்னை மேலமாசி வீதிப் பக்கத்துச் சந்தொன்றில், பாத்திரக்கடை மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. அந்த மாடியில் முத்துவேல் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் பள்ளி வைத்திருந்தார். நான் திருநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து பாடம் நடத்துவேன். மாணவர்களைவிட ஒரே ஒரு பாடம் கூடப் படித்திருந்தேன், அதனால் சார் ஆகிவிட்டேன். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஏசி உண்டு. அது மிஷினுக்கு. கரண்டு மிச்சம் பிடிக்க, மிஷினை நிறுத்திய மறுநிமிஷம் ஏசியையும் நிறுத்திவிடுவார் அண்ணன். எங்களுக்கு வேர்த்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணனின் மாமனாருக்குத் திருமங்கலத்தில் பருத்தி மண்டி. கல்யாணமான புதிதில் அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் கம்ப்யூட்டர் என்று கிளம்பி மதுரைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து மாமனார் அவரோடு நேராகப் பேசுவதில்லை. ஒரே அறையில் எதிரெதிரே இருந்தாலும் மகள் வள்ளியக்கா மூலமாகத்தான் பேச்சு. மறுமொழியும் அதே வழியில் போகும். இரண்டு பேர் சொல்வதும் இரண்டு பேர் காதிலும் நன்றாக விழும், ஆனாலும் நடுவில் அக்கா நிற்க வேண்டும்.

அதுவரை எங்கள் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். கலர் வர வேண்டுமானால் கலர் கார்டும் கலர் திரையும் வேண்டும். அண்ணன் மெட்ராஸில் பழைய கலர் திரை ஒன்றைப் பிடித்து, கார்டையும் வாங்கி வந்தார். முதல் தடவை ஓடும்போது அப்பா இருக்க வேண்டும் என்று வள்ளியக்கா ஒற்றைக் காலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் வந்தார். செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

ஆனாலும் பெரியவர் முறை தவறாதவர். புதுச் சாமான் என்றால் சந்தனம், குங்குமம் வைக்காமல் தொடவிட மாட்டார். மண்டிக்குப் புதுத் தராசு வந்தாலும் அப்படித்தான். திரைக்கு வைத்தார், பெட்டிக்கு வைத்தார். கார்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் விளிம்பில் தங்கப் பல் வரிசை மாதிரி ஒன்று மின்னும். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது அது ஒன்றுதான். அங்கேயே தாராளமாக வைத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு அப்படியே பெட்டிக்குள் அழுத்திவிட்டேன். ஒற்றும்போது கண்ணை மூடியிருந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுவிட்சைப் போட்டோம். திரை இருட்டு. பெட்டி மட்டும் நீளமாக ஒரு தடவை, குட்டையாக இரண்டு தடவை கத்தியது. படம் காட்ட முடியவில்லை என்று அது சொல்லும் விதம் அப்படி.

"என்னத்தா, அழுகுது?" என்றார் பெரியவர்.

"இந்தா சரியாயிரும்னு சொல்லு வள்ளி" என்றார் அண்ணன்.

ஒயரைக் கழற்றி மாட்டினேன். திரையின் பொத்தான்களை எல்லாம் திருகினேன். உள்ளே எழுத்துத் திரைக்கும் கலர் திரைக்கும் தனித்தனியாகக் குட்டிச் சுவிட்சுகள் உண்டு, அவற்றையும் மாற்றியாகிவிட்டதா என்று பார்த்தேன். மாற்றித்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே ஒரு நீளம், இரண்டு குட்டை. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏத்தா, இன்னைக்கு இது எரியலைன்னா கடையைச் சாத்திட்டு மண்டிக்கு வரச் சொல்லு. எம்புட்டு நாளைக்கு இந்தக் கூத்து? உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லிரு."

அண்ணன் என் காதோரம் குனிந்தார். "தம்பி, மண்டிக்குள்ள போனா எனக்குத் தும்மல் நிக்காதுடா. எப்பிடியாச்சும் எரிய வையி." கேட்கச் சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

வேறு வழியில்லாமல் கார்டையே பிடுங்கினேன். தங்கப் பற்களின் மேல் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் குங்குமம். மங்களகரமாக இருந்தது. மின்சாரம்தான் போக வழியில்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். துடைக்க வேண்டும். மாமனார் வைத்ததை, மாமனார் எதிரிலேயே, அதுவும் மகள் பக்கத்தில் நிற்கும்போது குங்குமத்தை அழிப்பதா? உங்களால்தான் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அண்ணனும் பார்த்துவிட்டு விழித்தார்.

வள்ளியக்கா எட்டிப் பார்த்தது. பிறகு, "அப்பா, சாமிக்குச் சாத்துன சந்தனத்தை அப்பிடியேவா விடுவோம்? எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டாத்தானே பிரசாதம்?" என்றது. விரலால் வழித்து முதலில் அப்பா நெற்றியில் வைத்தது. அப்புறம் அண்ணனுக்கு, எனக்கு, தனக்கு. பெரியவர் மறுக்கவில்லை. அவர் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில், மிச்சத்தைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் நான் பரபரவென்று தேய்த்துவிட்டேன். அக்கா மட்டும் படித்திருந்தால் எனக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது.

கார்டைச் சொருகிச் சுவிட்சைப் போட்டதும் குட்டையாக ஒரே ஒரு சத்தம். திரையில் எழுத்து வந்தது. நான் எழுதி வைத்திருந்த புரோகிராமை ஓட்டினேன். கறுப்புத் திரையில் கோடு கோடாக ஒரு கிளி உருவானது. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. கிளி முழுசாக உட்காரக் காப்பி குடிக்கும் நேரம் ஆனது.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, மகளை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"மாப்ள, பச்சை கொஞ்சம் கம்மியா இருக்கே?"

"ஆமா மாமா" என்றார் அண்ணன், அவரும் அக்கா பக்கம் திரும்பாமல். மண்டிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பழைய திரை, பச்சை கம்மிதான். அடுத்த வாரமும் வந்தார் பெரியவர், கிளியைப் போடச் சொன்னார். "இன்னும் சரியாகலையா மாப்ள?" என்றார். அதற்கடுத்த வாரமும் அதே கேள்வி. திரையின் முதுகில் ஒரு துளை உண்டு. சின்ன ஸ்குரூ டிரைவரை விட்டு லேசாகத் திருகினால் பச்சை ஏறிவிடும். ஒருநாள் அவர் வருவதற்குள் முடித்துவிடலாமென்று நான் உட்கார்ந்தபோது வள்ளியக்கா ஓடிவந்து கையைப் பிடித்தது.

"தம்பி, அதத் தொடாதீங்க. அது சரியாயிட்டா எங்கப்பாவுக்கு இங்க வர என்ன வேலை இருக்கு?"

இப்போது அந்தச் சந்தில் செல்போன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், திருமங்கலத்து மண்டியும் கைமாறிவிட்டது. மாடிப் பெண்ணின் திரையில் பச்சை அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போய் வந்த அன்று ராத்திரி வள்ளியக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தது. "எங்கப்பா இருந்த வரைக்கும் அந்தக் கிளிக்குப் பச்சை கம்மியாத்தான் தம்பி இருந்துச்சு" என்றது.