கேமராவுக்குப் பத்துப் பொருத்தம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கேமராவுக்கும் பொருத்தம் பார்த்த கதையை இப்போது எடுத்தாலும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

அந்த வருஷம் அக்காவுக்குப் பெங்களூரிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஜாதகம் அருமையாகப் பொருந்தியிருக்கிறது என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காதான் அடுக்களையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "அவரு எப்படிப்பட்டவருன்னு ஒரு வார்த்தை பேசிப் பாக்காம எப்படிம்மா சரிங்கது?"

"நிச்சயத்துக்கு முன்னால பேசுத வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது" என்று கூடத்திலிருந்தே சொல்லிவிட்டார் அப்பா. அவர் சேரன்மகாதேவியில் கணக்கு வாத்தியார். ஒரு தடவை விடை சொன்னால் மாற்ற மாட்டார்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் முக்கூடலில் வாடகை வேன் வைத்திருக்கும் மாமா, டவுனுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் மாட்டுகிற கேமரா ஒன்றை வாங்கிவந்தார். மாப்பிள்ளை அங்கிருந்தே பெண்ணைப் பார்த்துவிடலாமாம். பார்ப்பதுதானே, பேசுவது இல்லையே என்று அப்பாவும் தலையாட்டினார். ஆளுக்கொரு பலகாரத்தோடு எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மாமா வயரைச் செருகினார். கம்ப்யூட்டர் மசியவில்லை; திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்துதான் வந்தது.

அக்கா எட்டிப் படித்துவிட்டு, "டிரைவர் இல்லன்னு வருது மாமா" என்றாள்.

"அட, நம்ம வேனுக்கே ரெண்டு பேரு இருக்கான். ஒருத்தனை வரச்சொல்லட்டா?"

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் காலேஜில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தவள். "இது வேற டிரைவர் மாமா, கேமராவை வேலை செய்ய வைக்குத புரோகிராம். நம்ம கம்ப்யூட்டர் பழசு, கேமரா புதுசு. வாங்குததுக்கு முன்னாலயே ரெண்டுக்கும் பொருத்தம் பாத்திருக்கணும்" என்றாள்.

பொருத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா நிமிர்ந்தார். "இதுக்கும் பொருத்தம் உண்டா?"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து போன். எடுத்த மாமாவிடம் அவர் என்னவோ கேட்டார். மாமா திருதிருவென்று விழித்துவிட்டு, "நீயே சொல்லும்மா" என்று ரிசீவரை அக்கா கையில் திணித்தார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். "பொருத்தம்னா பத்தும் பாக்கணும். அரைகுறையாப் பாத்து வம்பை விலைக்கு வாங்கப்பிடாது. பைய, நாளுக்கு ஒண்ணா மாப்பிள்ளைகிட்டயே கேட்டுப் பாரு."

கம்ப்யூட்டருக்குப் பத்துப் பொருத்தமெல்லாம் இல்லை என்று அக்கா சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் போன் மணி அடிக்கும். மெமரிப் பொருத்தம், விண்டோஸ் பொருத்தம், வயர் செருகுகிற ஓட்டைப் பொருத்தம். கூடத்தில் அப்பா இருந்தால் அக்கா சத்தமாக, "பின்னால நாலு ஓட்டை இருக்கு" என்பாள். அப்பா எழுந்து போனதும் குரல் தணிந்துவிடும். ஒருநாள் ஓட்டைப் பொருத்தத்துக்கு அவள் சிரித்த சிரிப்பில், காபி குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது.

கேமராவில் என் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது நானே வயரைச் செருகினேன். திரையில் ஒரு ஓட்டைப் பல்லி இளித்தாள். நான்தான்! "அம்மா!" என்று கத்துவதற்குள் பின்னாலிருந்து அக்கா கை என் வாயை மூடியது.

"ஏட்டி, சத்தம் போடாத. இன்னும் மூணு பொருத்தம் பாக்கணும்." கையில் ஒரு கடலைமிட்டாய் வந்து விழுந்தது.

படம்தான் தெரிகிறதே, இன்னும் என்ன பார்க்க வேண்டும்? காலேஜ் போயும் இவளுக்கு இது தெரியவில்லையே என்று மிட்டாயைக் கடித்துக்கொண்டே அக்காவுக்காக வருத்தப்பட்டேன்.

கடைசிப் பொருத்தமும் முடிந்த அன்று அப்பா கேட்டார். "எல்லாம் பொருந்துதா?"

"நல்லாப் பொருந்துதுப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே ஓடிவிட்டாள். அப்பா திருப்தியாகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார். அம்மா அக்கா போன பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கேமரா வேலை செய்ததற்கு எதற்கு இத்தனை வெட்கம் என்று எனக்குத்தான் விளங்கவில்லை.