நடுக்கூடத்தில் ஒப்பித்த ‘கெட்’

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

அப்பா வாடகைக் கார் ஓட்டினார். சவாரி இல்லாத நேரத்தில் போனில் இங்கிலீஷ் பாடம் பார்த்துவிட்டு, ஆனேக்கல் வீட்டுக்கு வந்ததும் எனக்கு நடத்துவார். ‘கெட்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி இங்கிலீஷ் கைக்குள் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. கெட் அப், கெட் இன், கெட் ஆஃப், கெட் அலாங், கெட் ஓவர் என்று தமிழ் அர்த்தத்தோடு மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அம்மா பூரித்துப்போவாள். எனக்கும் தலைக்கனம்தான், பொய் சொல்வானேன்.

ஜோகுபாளையத்துப் பெரியம்மா ஒரு நல்ல இங்கிலீஷ் ஸ்கூலில் டீச்சர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அங்கே சீட் கிடைக்கும். அதைக் கேட்கத்தான் அன்று போனோம். நாலு பேர் கூடினால் பிள்ளையை நடுவில் நிறுத்தி எதையாவது ஒப்பிக்கச் சொல்லாவிட்டால் நம் ஜனங்களுக்குக் காபி இறங்காது. அப்பாவும் என்னை நிறுத்தினார்.

ஒப்பித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். காலேஜ் படிக்கும் பெரியம்மா மகள் என் கன்னத்தைத் தட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். ஸ்கூலில் உனக்கு என்ன பிடிக்கும் என்றுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. சொல்லு கண்ணு என்றார் அப்பா. தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? கெட் அப், கெட் இன் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கூடமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அப்பாதான்.

“நான்தான் அண்ணி சொல்லிக்குடுத்தேன். எனக்கே இவ்ளோதான் வரும். பாசஞ்சர் என்ன கேட்டாலும் ‘எஸ் சார்’னு சொல்லிட்டு வண்டிய எடுத்துடுவேன்.”

அப்புறம் ஏர்போர்ட்டுக்குப் போகச் சொன்னவரை மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கிய கதை, அவர் திட்டியது புரியாமல் தேங்க்ஸ் சொன்ன கதை என்று அடுக்கிக்கொண்டே போனார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கவுன் நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றேன். சீட் பேச்சை அப்பா எடுக்கவேயில்லை.

திரும்பும்போது முன்சீட்டுக்குக் கூப்பிட்டார். போகவில்லை. பின்னால் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பெற்ற பெண் தலைகுனிந்து நிற்கிறாள், இந்த மனுஷன் ஊரைச் சிரிக்க வைக்கிறாரே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் கதை சொல்ல ஆரம்பித்த பிறகு அந்தக் கூடத்தில் ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.