ராலிட்சாவுக்கு எழுதிய பதில்கள்

பேருந்து நிலையத்தில், பாலாடைக்கட்டி வைத்து மடித்துச் சுடும் பனிட்சா விற்கிற கடையில் இருபத்தாறு வருஷம் நின்றவள் ஸ்லாவ்கா. டான்யூப் கரையிலிருக்கும் அந்தச் சிற்றூரில் அவள் சுட்ட பனிட்சாவைத் தின்னாத ஆள் கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பேருந்து தாமதமானால் ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். அடுத்த நிமிடம் அவனுக்கே சூடாக ஒன்றை எடுத்து நீட்டுவாள். அந்த வாய்க்காக யாரும் அவள்மேல் வழக்குப் போட்டதில்லை.

போன மார்ச்சில் மகள் ராலிட்சா வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். வராந்தாவில் உட்கார்ந்தபடி ஊர்க்காரர்களின் பேஸ்புக் குழுவில் ஸ்லாவ்கா கொட்டித் தீர்த்தாள். டாக்டர் கிர்கோவ் இரண்டு நாளாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவன் டாக்டரே இல்லை, கசாப்புக்காரன் என்று எழுதினாள். உள்ளே கட்டிலில் கிடந்த மகள் அதற்குக் கீழேயே பதில் போட்டாள்.

“கத்தாதேம்மா, எல்லாரும் படிக்கிறாங்க. வரும்போது சர்க்கரைப் பாகுல ஊறின செர்ரி ஒரு பாட்டில் கொண்டு வா.”

மறுநாள் காலையில் ராலிட்சா போய்விட்டாள். முப்பத்தொரு வயது. அநியாயச் சாவு.

அந்த இரண்டு நாளும் கிர்கோவ் வேறு ஊரில் பணியில் இருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. ஸ்லாவ்காவும் அதை ஒப்புக்கொண்டாள். ஆனால் பதிவை மட்டும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? மகள் கடைசியாக எழுதியது அதில்தானே இருக்கிறது! தினமும் அடுப்பைப் பற்றவைத்ததும் அந்த வரிக்குக் கீழே பதில் எழுதுவாள். செர்ரி கொண்டுவந்தேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இன்றைக்குப் பனி. உன் பூனை சாப்பிட மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு பதிலும் அந்தப் பழைய பதிவைக் குழுவின் உச்சிக்குத் தூக்கிவிடும் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது. பார்த்தவர்கள் எல்லாரும் கிர்கோவைப் புதிதாகத் திட்டினார்கள். அவருடைய அம்மா சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். கடைசியில் அவர் அவதூறு வழக்குப் போட்டார். உண்மை தெரிந்த பிறகும் நூற்று நாற்பத்தொரு முறை வேண்டுமென்றே பரப்பினாள் என்றது மனு.

“நான் போட்ட பதில்கள்ல டாக்டரைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? எம்பொண்ணுகூடத்தானே பேசினேன்?” என்று தன் வக்கீல் மின்செவ்விடம் கேட்டாள் ஸ்லாவ்கா. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கடையில் தின்று வளர்ந்தவன் அவன்.

பதிவிலிருந்து டாக்டரின் பேரை மட்டும் எடுத்துவிடுவதாக அவள் சொல்லிப் பார்த்தாள். கீழே மற்றவர்கள் எழுதிய வசவுகளும் கிடப்பதால் எதிர்த்தரப்பு மசியவில்லை. முழுவதையும் எடுத்தால் வழக்கு வாபஸ். இல்லையென்றால் தண்டனையும் வரும், பதிவும் போகும். எல்லாவற்றையும் அச்சடித்துத் தருவதாக மின்செவ் தேற்றினான்.

“காகிதத்துல எழுதினா அவளுக்கு எப்படிடா போய்ச் சேரும்?”

வேறு வழியில்லாமல் அவள் சம்மதித்தபின், பதிவை அழிப்பதற்காகக் கோர்ட்டுக் கட்டடத்தின் சின்ன அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கிர்கோவ் எதிரில் தலை குனிந்திருந்தார். ஸ்லாவ்கா போனை எடுத்து, அழிக்காமல், எழுத்துகளைத் தட்டத் தொடங்கினாள். மின்செவ் அவள் கையைப் பிடித்தான்.

“வேணாம் அத்தை. இன்னொண்ணு எழுதினா பேசினதெல்லாம் முறிஞ்சிடும்.”

“போயிட்டு வரேன்னு ஒரே ஒரு வரிடா.”

எதிர்த்தரப்பு வக்கீல் முடியாது என்று தலையசைத்தார். ஸ்லாவ்கா அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு பதிவையும் அழித்தாள்.

“ஒண்ணும் சொல்லாமயே நிறுத்திட்டேன்,” என்றாள் மின்செவ்விடம். “நான் கோவமா இருக்கேன்னு நினைச்சுக்குவா.”